அளவு சேரவில்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் எடுத்தேன். ஒட்டுக்கேட்டதோடு நிற்கவில்லை, எட்டியும் பார்த்தேன். எழுதுகிறவனுக்கு இதெல்லாம் தொழில்தர்மம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கம். வீட்டில் இதற்கு வேறு பெயர். என் மனைவி என்னை ஓட்டைவாய் என்பாள்.

நடந்த இடம் ஒரு ஸ்டேஷனரி கடை. நோட்டு, பேனா, பசை டப்பாவெல்லாம் தாண்டிப் போனால் மூலையில் ஒரு கவுண்டர். ஆன்லைனில் வாங்கிய பொருள் வேண்டாம் என்றால் அங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கலாம். கவுண்டரில் ஒரு பெண் இருப்பாள். உங்கள் போனை ஸ்கேன் செய்வாள், பெட்டியைப் பிரித்துப் பார்ப்பாள், கையெழுத்து வாங்குவாள். அவ்வளவுதான் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

2

அன்று மதியமே எழுதிய முதல் தொடக்கம் இது:

‘அந்தக் கவுண்டர்க்காரியைப் போல ஒரு மக்கை என் வாழ்நாளில் நான்

இதை அழிக்காமல் விட்டுவைக்கிறேன். யார் மக்கு என்பதற்கு அத்தாட்சி வேண்டாமா?

நான் கொண்டுபோனது ஒரு கெட்டில். தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் காத்திருந்தாலும் வெதுவெதுப்புகூட வராது. அவள் ஸ்கேன் செய்தாள். திரையின் பக்கவாட்டில் ஒரு பழைய காலண்டர் அட்டையைச் செருகி, அவளைத் தவிர யாருக்கும் தெரியாதபடி வைத்திருந்தாள்.

“அளவு சேரல. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்.”

“எது?”

“உங்க பொருள்தான். அளவு சேரல.”

“அம்மா, இது கெட்டில். இதுல என்ன அளவு? சூடே ஏறல.”

“அளவு சேரல சார்” என்றாள் அவள், குரல் மாறாமல்.

எனக்கு முன்னால் ஒருவர் டார்ச் லைட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தார். அவருக்கும் இதே பாட்டுத்தான். சும்மா இருந்திருக்கலாம். வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: “டார்ச் லைட்டுக்கும் அளவு சேரல, கெட்டிலுக்கும் அளவு சேரலையா? எல்லாருக்கும் இதையேதான் சொல்வீங்களா?”

கடை சிரித்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கவுண்டர்க்காரி சிரிக்கவில்லை. எனக்கு அடுத்து நின்ற பெண்ணும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

3

அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் வைப்பது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில், அவளைக் கூப்பிட்டவள் கூப்பிட்டபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“அட, அண்ணி! நீங்களா?”

கையில் பெரிய பையோடு அப்போதுதான் கடைக்குள் வந்தவள், பெட்டியைப் பிடித்திருந்தவளின் கணவனுக்குத் தங்கை. சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்திருந்தாள்.

“இங்க எல்லாருக்கும் அளவு சேரலையாமே! அப்ப உங்களுக்கும் அதையேதான் சொல்வாங்க. நிஜமா என்ன வாங்குனீங்க? காட்டுங்க, பாப்போம்.”

“ஒண்ணுமில்லம்மா. சும்மா ஒரு...”

(இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நானில்லை. அவள்தான்.)

“சும்மா ஒரு, என்னது? அம்மாகிட்ட சொல்லணும்ல, அண்ணி எங்களுக்குத் தெரியாம ஆன்லைன்ல எல்லாம் வாங்குறாங்கன்னு.”

நாத்தனார் விளையாட்டாகத்தான் சொன்னாள். கெட்டவள் இல்லை. ஆனால் ஒரு ஓட்டைவாய்க்கு இன்னொரு ஓட்டைவாயைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அந்தப் பெட்டிக்குள் இருப்பதை இவள் பார்த்தால் சாயங்காலத்துக்குள் வீடு முழுக்கத் தெரியும். அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பேச்சை ஆரம்பித்துவைத்தது என் வாய்.

4

இனி கவுண்டர்க்காரியின் மனதுக்குள் போகிறேன். (எப்படி என்பீர்கள். பின்னால் அவளிடமே கேட்டேன். பாதி அவள் சொன்னது, மீதி நான் இட்டு நிரப்பியது.)

அவளுக்கு மேலே ஒரு கேமரா. பெட்டியை அதற்குத் தெரியும்படி கவுண்டர் மேல் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் காரணத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். இவை கம்பெனி விதிகள். நல்லவேளை, கேமராவுக்குக் கண் உண்டு, காது கிடையாது. போன மாதம் யாருக்காகவோ ஒரு பெட்டியை மேசைக்கு அடியில் வைத்துப் பிரித்தாள். மேலாளர் பார்த்துவிட்டார். இன்னொரு தடவை செய்தால் வேலை கிடையாது.

என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அண்ணியின் போனை ஸ்கேன் செய்தாள். திரையில் பொருளின் பெயர் வந்தது, காரணம் வந்தது. படித்தாள். நிமிர்ந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். நாத்தனாரோ கவுண்டர் மேல் முழங்கையை ஊன்றிவிட்டாள். அடியில் வைக்கவும் வழியில்லை, மேலே வைக்கவும் வழியில்லை. கவுண்டர்க்காரி நாத்தனாரின் பையை எட்டிப் பார்த்தாள்.

“மேடம், உங்க பையில என்ன, கர்ட்டனா?” என்று நாத்தனாரைக் கேட்டாள்.

“ஆமா.”

“அதை முதல்ல பாத்துடலாம். கறை இருக்கான்னு முழுசா விரிச்சுப் பாக்கணும். நீங்களே பிடிங்க. அந்தக் கதவுகிட்ட போங்க. இன்னும் தள்ளி. நல்லா மேல தூக்குங்க.” என் பக்கம் திரும்பினாள். “சார், நீங்க இந்த முனையைப் பிடிங்க.”

பிடித்தேன். கர்ட்டன் ஒரு சுவர் மாதிரி எழும்பியது. அந்தப் பக்கம் நாத்தனாரும் வரிசையும். இந்தப் பக்கம் கேமரா, கவுண்டர்க்காரி, அண்ணி, பிறகு நான்.

பெட்டியைக் கவுண்டர் மேல் வைத்தாள். பிரித்தாள், பார்த்தாள், மூடி டேப் ஒட்டினாள். எல்லாம் விதிப்படி, கேமராவின் கண்ணுக்கு நேராக.

“அளவு சேரல. கையெழுத்துப் போடுங்க.”

“முடிஞ்சுதா? கை வலிக்குது!” என்றாள் நாத்தனார், அந்தப் பக்கத்திலிருந்து.

“இறக்கிடாதீங்க மேடம், இங்க ஒரு கறை மாதிரி தெரியுது.”

ஒரு கறையும் இல்லை. அண்ணி கையெழுத்துப் போட்டாள். நான் கண்ணை மூடியிருக்கலாம். மூடவில்லை. பெட்டிக்குள் இருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததைக் கவுண்டர்க்காரியும் பார்த்தாள்.

“சார், உங்க கெட்டிலுக்கு என்ன காரணம் சொன்னீங்க?”

கடை கேட்டுக்கொண்டிருந்தது.

“அளவு சேரலங்க.”

“சத்தமா சொல்லுங்க.”

“அளவு சேரல!”

கர்ட்டன் இறங்கியது. “என்ன அண்ணி, செருப்பா?” என்றாள் நாத்தனார், ஆர்வமெல்லாம் வடிந்துபோன குரலில். “ம்” என்றாள் அண்ணி. அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அடுத்து கர்ட்டனுக்கும் அளவு சேரவில்லை என்றாள் கவுண்டர்க்காரி. அன்று நிஜமாகவே அளவு சேராமல் வந்த பொருள் அது ஒன்றுதான்.

5

இரண்டு நாள் கழித்து, திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லாமலே போய் நின்றேன்.

“அந்தப் பொண்ணுக்கு மட்டும் அப்படிச் சொன்னா போதாதா? எனக்கு எதுக்கு?”

“ஒருத்தருக்கு மட்டும் சொன்னா, அவங்ககிட்டதான் ஏதோ இருக்குன்னு ஆயிடும் சார். எல்லாருக்கும் சொன்னா யாருகிட்டயும் ஒண்ணும் இல்ல.”

நான் அசந்துபோனேன். இன்னும் அந்த மலைப்பு தீரவில்லை. ஒருத்தியின் ரகசியத்தை ஒளித்துவைக்க ஒரு டார்ச் லைட், ஒரு கெட்டில், முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் பெட்டிகள். அத்தனை பேரும் தெரியாமலே அவளுக்குக் காவல் நின்றிருக்கிறோம். இத்தனை வருடம் எழுதி இப்படி ஒரு வாக்கியத்தை நான் கண்டுபிடித்ததில்லை. ‘அளவு சேரல.’ இரண்டே சொல்.

“எப்ப ஆரம்பிச்சீங்க?”

“வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒரு பெரியவருக்குக் காரணத்தை அப்படியே படிச்சுட்டேன். பின்னாடி நின்னவங்க சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அவர் இந்தப் பக்கமே வரல. கடையைப் பாத்தா எதிர்ப்பக்கம் போயிடுறார்.”

“அப்படி என்ன வாங்கினார்?”

அவள் சிரித்துவிட்டாள். “பாத்தீங்களா சார்?”

6

முடிவுக்கு வந்தாக வேண்டும். ஒன்று எழுதிப் பார்த்தேன்:

‘பெட்டிக்குள் இருந்தது ஒரு சின்ன

அடித்துவிட்டேன். பொய்யாக எதையாவது வைக்கலாமே என்று அடுத்த யோசனை. ஆனால் நான் எதை வைத்தாலும் நாளைக்கு அதையே எடுத்துக்கொண்டு யாரோ ஒருத்தி ஏதோ ஒரு வரிசையில் நிற்பாள். பின்னால் நிற்பவர் இந்தக் கதையைப் படித்தவராக இருப்பார்.

மனைவியிடம் கதையைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “பொட்டியில என்னதான் இருந்துச்சு?” என்றாள்.

“சொல்ல மாட்டேன்.”

“என்கிட்ட கூடவா?”

“ம்.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

வாசகரே, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. ஆனால் பெட்டியைக் காலியாகவும் விட மனமில்லை. யாருக்கும் தெரியாமல் வாங்கி, யாருக்கும் தெரியாமல் திருப்பிக் கொடுத்தது உங்களிடமும் ஒன்று இருக்கும். அதை உள்ளே வைத்து மூடுங்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.