இரண்டு அடுப்பும் ஒரு உப்பு டப்பாவும்

சின்னவள் விட்டுக்கொடுத்ததைத்தான் தையல்காரியால் தாங்க முடியவில்லை.

சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பாள். "என் பொண்ணுக்குத்தான் மார்க் அதிகம், உதவித்தொகை அவளுக்குத்தான்" என்று சின்னவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தால் இவளும் ஒரு கை பார்த்திருப்பாள். அவள் அப்படிச் செய்யவில்லை.

"நெட்டைக்கே கிடைக்கட்டும் அக்கா. அவளுக்குக் கடைசி வருஷம். என் பொண்ணு ஒரு வருஷம் வீட்ல இருந்தா குடியா முழுகிடும்? எழுதிக் குடுத்துட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவரும். மூத்த மருமகள் தையல்காரி. அவள் கணவர் பஸ் டிரைவர். இளையவளை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்பார்கள். அவள் கணவன் எலக்ட்ரீஷியன். ஆளுக்கொரு பெண். தையல்காரியின் மகள் கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், அதனால் நெட்டை. சின்னவளின் மகள் அவள் தோளுக்குக்கூட வரமாட்டாள், அதனால் குட்டை. நெட்டை கல்லூரியில் மூன்றாம் வருடம் போகப் போகிறாள், குட்டை இரண்டாம் வருடம். இருவர் படிப்பும் அரசாங்க உதவித்தொகையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் விதியை மாற்றிவிட்டார்கள். இனி ஒரு குடும்பத்துக்கு ஓர் உதவித்தொகைதான். வீட்டில் இரண்டு பேர் படித்தால், மதிப்பெண் அதிகமுள்ளவருக்கு. நெட்டையைவிடக் குட்டை கொஞ்சம் அதிகம் வாங்கியிருந்தாள். தொகை இல்லாத பெண் படிப்பை நிறுத்த வேண்டியதுதான். பஸ் ஓட்டியும் பல்பு மாட்டியும் துணி தைத்தும் வருவது வீட்டுக்கே இழுபறி.

சின்னவள் விட்டுக்கொடுத்த அன்று குட்டை குளியலறையை விட்டு வெளியே வர வெகு நேரம் ஆயிற்று. கண் சிவந்திருந்தது. "சோப்பு பட்டுடுச்சு பெரியம்மா" என்றாள். பொய் சொல்வதில்கூடத் தாயைப் போலவே சாமர்த்தியம் என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலையும் சின்னவள் கணக்கிலேயே எழுதிக்கொண்டாள்.

வழி கண்டுபிடித்தவன் எலக்ட்ரீஷியன்.

"அண்ணி, விண்ணப்பத்துல கீழே பொடி எழுத்துல என்ன போட்டிருக்கான்னு பாருங்க. 'குடும்பம் என்பது ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்'. வீடு ஒண்ணா ரெண்டான்னு கேக்கல. அடுப்புதான் கணக்கு."

"அப்ப ரெண்டு அடுப்பு இருந்தா?" என்றாள் நெட்டை.

"ரெண்டு குடும்பம். ரெண்டு உதவித்தொகை."

"அடேயப்பா! சித்தப்பாவுக்கு ஃபியூஸ் போடத்தான் தெரியும்னு நினைச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் மட்டும் தையல்காரியைப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்குச் சம்மதமா? தனி அடுப்புன்னா மனசுக்கு ஒரு மாதிரி இருக்குமே."

"புள்ளைங்க படிப்புக்காக எதையும் தாங்கிக்கத்தான் வேணும்" என்று தையல்காரி பெருமூச்சு விட்டாள். உள்ளுக்குள் துள்ளிக் குதித்தாள்.

அவள் எத்தனையோ வருடமாகக் காத்திருந்த நாள் அது. சின்னவள் கல்யாணமாகி வந்தபோது தையல்காரிக்கு ஆர்டர் குவிந்து கிடந்தது. "நீங்க தைங்க அக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று சின்னவள் கரண்டியைக் கையில் வாங்கினாள். வாங்கிய கரண்டியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அப்புறம் அந்த வீட்டில் வயிறும் மனசும் சின்னவள் பக்கம் சாய்ந்தன. டிரைவர் டியூட்டி முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றும் முன் மூக்கை உயர்த்தி, "சின்னவ இன்னிக்கு என்ன வச்சிருக்கா?" என்பார். கல்லூரியில் பரிசு வாங்கிய செய்தியை நெட்டை முதலில் ஓடிச் சொன்னது சித்தியிடம். தையல் மிஷின் ஓடும் சத்தத்தில் அது இவள் காதில் அரைகுறையாக விழுந்தது.

புது அடுப்பு தையல் அறைக்கு வந்தது. சமையலறைக்கும் தையல் அறைக்கும் நடுவே கதவில்லாத ஒரு வாசல், அதில் ஒரு திரை. துணி வெட்டும் மேஜையில் பாதியை ஒழித்து அடுப்பை வைத்தார்கள். பாத்திரம், தட்டு, எண்ணெய், தண்ணீர்க் குடம் என்று எல்லாம் இரண்டாகப் பிரிந்தன.

தையல்காரி சமைத்தாள். வெட்டிய துணியை விட்டுவிட்டு எழுந்து போய்க் கிளறினாள். கிளறியதை மறந்துவிட்டு வந்து தைத்தாள். முதல் நாள் அடிப்பிடித்தது. அடுத்த நாள் வேகவில்லை. அதற்கடுத்த நாள் உருளைக்கிழங்குக்குள் ஒரு பித்தான் கிடந்தது.

"பரவால்ல, இது ஜீரணமாகாட்டியும் பத்திரமா வெளிய வந்துடும்" என்றார் டிரைவர்.

"வாயைத் தைச்சுடுவேன்!"

"அதுலதான் நீ கெட்டிக்காரி."

சாப்பிட்டுவிட்டு அவர், "தம்பிகிட்ட ஒரு விஷயம் கேக்கணும்" என்று திரைக்கு அந்தப் பக்கம் போவார். நெட்டை, "குட்டைகிட்ட ஒரு நோட்டு வாங்கணும்" என்று போவாள். இருவரும் வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். தையல்காரி மிஷினை ஓங்கி மிதித்தாள். ஊசி உடைந்தது.

எல்லாம் பிரிந்தும் உப்பு டப்பா மட்டும் பிரியவில்லை. மூடி உடைந்த பழைய பிளாஸ்டிக் டப்பா. பொங்கி வழிகிற நேரத்தில் தையல்காரி "சின்னவளே, உப்பு!" என்று குரல் கொடுப்பாள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை டப்பாவை நீட்டும். வாங்கிப் போட்டுவிட்டு, வந்த வழியே நீட்டினால் அந்தக் கை வாங்கிக்கொள்ளும். உப்பு என்பது வாங்க வேண்டிய சாமான் என்றே யாருக்கும் தோன்றவில்லை. அது வீட்டில் தண்ணீர்போல இருந்துகொண்டே இருக்கிற ஒன்று.

உதவித்தொகைக்கான விசாரணை அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் வந்து நின்றாள். கண்ணாடி போட்ட, நடந்தே களைத்துப் போன அம்மாள். ஆண்கள் வேலைக்கும் பெண்கள் கல்லூரிக்கும் போயிருந்தார்கள்.

"ரெண்டு குடும்பம்னு எழுதியிருக்கீங்க. நீங்க பாட்டுக்குச் சமையுங்க. நான் பார்த்துட்டுப் போயிடறேன். இந்தத் தெருவுல மட்டும் நாலு வீட்ல திடீர்னு அடுப்பு முளைச்சிருக்கு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தையல்காரி மிஷினை விட்டு எழுந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள், காயைப் போட்டாள். அதிகாரி எண்ணெய் பாட்டிலைப் பார்த்தாள், மேஜையடியில் கிடந்த காய்த்தோலைப் பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டினாள். பேனாவையும் திறந்துவிட்டாள்.

பாத்திரம் பொங்கியது. பதற்றத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சின்னவளே, உப்பு!"

திரைக்குப் பின்னாலிருந்து கை வந்தது. டப்பாவோடு.

அதிகாரி அந்தக் கையையே பார்த்தாள். பேனாவை மூடினாள். "எல்லாம் ரெண்டு. உப்பு மட்டும் ஒண்ணா? தினமும் இப்படித்தானா?"

நெட்டையின் கடைசி வருடம் தையல்காரியின் கண்ணெதிரே ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது.

திரை விலகியது. சின்னவள் வந்து, டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தினமும் இப்படித்தான் மேடம்! உப்பு வாங்கக்கூட இவங்களுக்கு மனசு வராது. ஓசியிலயே காலத்தை ஓட்டுறாங்க. இவங்களோட ஒண்ணா இருக்க முடியாமத்தானே பிரிஞ்சோம்!" சொல்லிவிட்டு, அதிகாரிக்குத் தெரியாமல் தையல்காரியைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

தையல்காரிக்குப் புரிந்தது. நடிக்க வேண்டும், அவ்வளவுதானே.

"யாருடி ஓசி? ராத்திரி பகலா மிதிச்சு மிதிச்சு இந்த வீட்டை நிமிர்த்தினவ நான். நோகாம உள்ள வந்து உக்காந்துக்கிட்டவ நீ!"

"நானா உக்காந்தேன்? காலைல ஏத்துற அடுப்பு, படுக்கும்போதுதான் அணைக்கிறேன்."

"ஆமா, அடுப்பு! அதை வச்சுத்தானே எல்லாத்தையும் வளைச்சே? என் புருஷன் செருப்பைக் கழட்டும்போதே உன் பேரைச் சொல்றாரு. சரி, அது நாக்கு. என் பொண்ணு?" நடிப்பு எங்கே நின்றது என்று தையல்காரிக்கே தெரியவில்லை. "அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப ஈரத்துணி போட்டுக்கிட்டு நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். அவ கண்ணைத் திறந்து 'சித்தி எங்கே'ங்குறா. பெத்தவ நான் இருக்கேன்டி அங்க!"

சின்னவளின் முகத்தில் இருந்த சிமிட்டல் போய்விட்டது.

"இப்ப உதவித்தொகையும் விட்டுக்குடுக்கிறியாம்! உன்னை யாரு கேட்டா? நாளைக்கு அவ பட்டம் வாங்கினா, அதுவும் சித்தி குடுத்ததுன்னுதானே ஆகும்? நல்லவளா இருந்து இருந்தே என் வயித்துல நெருப்பைக் கொட்டிட்டே. ஒரு நாளாவது கெட்டவளா இருந்து தொலைச்சா என்ன?"

"அம்மா... அம்மா, கொஞ்சம்..." என்று அதிகாரி கையை உயர்த்தினாள். யாரும் பார்க்கவில்லை.

"எனக்கு மட்டும் குளுகுளுன்னு இருக்கா?" சின்னவளின் குரலும் ஏறியது. "கதவைத் தட்டுற அத்தனை பேரும் 'தையல்கார அக்கா இருக்காங்களா'ன்னுதான் கேப்பாங்க. என்னைத் தேடி இந்த வாசலுக்கு ஒரு ஆள் வந்ததில்ல. என் பொண்ணு பள்ளிக்கூடத்துல எழுதினா, 'எங்க பெரியம்மா சொந்தமா தொழில் செய்யறாங்க'ன்னு. அம்மா என்ன செய்யறான்னு எழுத ஒண்ணும் இல்ல பாருங்க அவளுக்கு!"

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அடுப்பில் காய் தீய்ந்தது. அதிகாரி எழுந்து போய் அவளே அடுப்பை அணைத்தாள்.

"போதும். ரெண்டு குடும்பம்தான். இதுக்கு மேல எனக்குச் சாட்சி வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "இவ்வளவையும் மனசுல வச்சுக்கிட்டு ஒரே சமையலறையில இருந்திருந்தா இந்நேரம் ஒருத்தர்தான் மிச்சம் இருந்திருப்பீங்க. ரெண்டு பொண்ணுக்கும் தொகை வரும். நல்லாப் படிக்கச் சொல்லுங்க." வாசல் வரை போனவள் திரும்பினாள். "தனித்தனியா உப்பும் வாங்கிடுங்க."

அவள் தெருவில் இறங்கிப் போனாள்.

"நான் நடிக்கத்தான் ஆரம்பிச்சேன் அக்கா" என்றாள் சின்னவள். "நீங்க?"

தையல்காரி தீய்ந்த பாத்திரத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். சின்னவள் திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டாள்.

உப்பு டப்பா தையல்காரியின் மேஜையிலேயே இருந்துவிட்டது.

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். விஷயம் கேட்டு நெட்டை குட்டையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். "அம்மா, நான் கடைசி வருஷம் போறேன்!" என்று தையல்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை முதலில் இவளிடம்தான் வந்தாள். அந்தச் சந்தோஷத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு தையல்காரி மிஷினில் உட்கார்ந்தாள். கண் மட்டும் டப்பாவிடம் போய்ப் போய் வந்தது.

அந்தப் பக்கம் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. இப்போது கேட்பாள். "அக்கா, உப்பு" என்று கை நீளும். கொடுக்கலாமா, ஒரு நிமிடம் காக்க வைக்கலாமா என்றுகூடத் தையல்காரி யோசித்து வைத்திருந்தாள்.

கை நீளவில்லை. தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. நெட்டை வழக்கம்போல அங்கேதான் போயிருந்தாள்.

"என்ன சித்தி, உப்பே இல்ல?"

"இன்னிக்கு அப்படித்தான். சாப்பிடு."

"சித்தி சமையல்ல உப்பு இல்லையா! அதிசயம்டி குட்டை!"

எத்தனை வருடமாகக் காத்திருந்த வார்த்தை! தையல்காரிக்கு மனசு குளிர்ந்தது. ஒரு நிமிடம்தான். பிறகு மிஷினை நிறுத்தினாள். கேட்டு வாங்கக் கூசுகிற அளவுக்குச் சின்னவள் நொந்துபோயிருக்கிறாள் என்பது உறைத்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு திரையை விலக்கினாள்.

சின்னவள் அடுப்பைப் பார்த்து நின்றாள். திரும்பவில்லை. "கேள்வி கேக்க மறுபடியும் அந்தம்மா வந்துட்டாங்களா?"

"இல்ல. நான்தான்."

"அப்ப நடிக்க வேண்டாம்."

"நான் நடிக்கலடி."

"தெரியும்." அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "என்னைத் தேடி யாரும் வரலன்னேனே, அதுல நானும் நடிக்கல" என்றாள்.

"தெரியும்."

"ரெண்டு பேரும் என்ன பேசறீங்க? முதல்ல உப்பைப் போடுங்க" என்றாள் நெட்டை, தட்டை ஏந்தியபடி.

தையல்காரி டப்பாவைச் சின்னவளிடம் கொடுக்கவில்லை. தானே பாத்திரத்தில் கொட்டிக் கிளறினாள். துணியை அளக்கத் தெரிந்த கைக்கு உப்பு அளக்கத் தெரியவில்லை. நெட்டை ஒரு வாய் வைத்தாள். முகம் கோணியது.

"ஐயோ அம்மா! உப்பு..."

சின்னவள் கரண்டியில் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணில் நீரே வந்துவிட்டது. ஆனாலும் நிதானமாக விழுங்கினாள்.

"சரியாத்தான் இருக்கு. சாப்பிடு. உங்கம்மா கை வேற ருசி."

நெட்டை சித்தியைப் பார்த்தாள். சித்தியை மட்டும்தான் பார்த்தாள். மறுபேச்சு இல்லாமல் அடுத்த வாயை எடுத்தாள்.

பொய்யைக்கூட எவ்வளவு அழகாகச் சொல்கிறாள் பாவி! தையல்காரிக்கு மறுபடியும் வயிறு எரிய ஆரம்பித்தது. டப்பாவைச் சின்னவளின் அடுப்பருகே, பழைய இடத்தில் வைத்தாள்.

"எனக்கும் ஒரு தட்டு வை" என்றாள்.