பாதி வேகம்

கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்ப் போட்டவன் நான்தான். ஓர் அச்சகத்தில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்தபோது, மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்ததைக் காட்டி, வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போ என்றார்கள். பத்து வருடப் பழசு. அக்கா வீட்டுக்காரருக்கு ஆகட்டும் என்று தூக்கி வந்தேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள், படமாவது பார்ப்பார் என்று நினைத்தேன்.

மாமா பத்தொன்பது வருடம் கப்பல் தொட்டிகளுக்குள் இறங்கி மணல் அடித்தவர். காற்றோடு மணலைப் பீய்ச்சி இரும்பின் துருவை உரிக்கிற வேலை. உரிந்த துருவும் உடைந்த மணலும் எங்கே போகும்? பாதி தரைக்கு, பாதி அடிக்கிறவன் நெஞ்சுக்கு. நாற்பத்தாறு வயதில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் முக்கால்வாசி தழும்பாகிவிட்டது, இதற்கு மருந்து கிடையாது, மிச்ச காலத்துக்கு ஆக்சிஜன்தான் என்று சொல்லிவிட்டார்.

நெஞ்சு நோய் கிளினிக்கில் ஆக்சிஜன் மிஷின் ஒன்றை இரவலாகக் கொடுத்திருந்தார்கள். இடுப்பு உயரம். காற்றை உறிஞ்சி ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் விடும். அதன் முதுகில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டுகிற சின்ன மீட்டர் உண்டு. மாதம் ஒருமுறை நர்ஸ் வந்து அதைக் குறித்துக்கொண்டு போவார். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறைந்தால் மிஷினை எடுத்து வரிசையில் அடுத்து நிற்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வாங்கும்போதே கையெழுத்துப் போட்டுத் தந்த நிபந்தனை.

மாமா அதற்கு மாமியார் என்று பேர் வைத்திருந்தார்.

"நாள் பூரா முணுமுணுன்னு புலம்பிக்கிட்டே இருக்கு. வெளியே போன்னும் சொல்ல முடியல."

"எங்கம்மாவ எதுக்கு இழுக்குறீங்க? அவங்க போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு" என்பாள் அக்கா.

"அதான் திரும்பி வந்துட்டாங்களே."

கம்ப்யூட்டரை வைத்த மறுவாரம் மாமா ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். எக்ஸ்ரே எடுக்கிறவர் எழுதிக் கொடுத்தாராம். அதில் ஓர் இணைய முகவரி. நுரையீரல் தழும்பு நோயை ஆராய்கிறவர்கள், அவர்களுடைய பெரிய கணக்கைச் சின்னச் சின்னதாக வெட்டி, விருப்பப்பட்டவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். நம் கம்ப்யூட்டர் போட்டு முடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"அப்ப துண்டு வேலை" என்றார் மாமா. அவருக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. எனக்கு அரை மணி ஆயிற்று.

"கூலி என்ன?" என்றாள் அக்கா.

"கூலி இல்லக்கா. புள்ளி ஏதோ போடுவாங்களாம்."

"கூலி இல்லாத வேலைன்னா இந்த மனுஷன் முதல் ஆளா நிப்பாரே."

"நீ அட்டைப்பெட்டி ஒட்டுற கம்பெனில மட்டும் உன்னைத் தங்கத்துலயா இழைக்கிறான்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தோம். என் பழைய போன் ஒன்றை இணையத்துக்காக அங்கேயே விட்டு, அதிலிருந்து மென்பொருளை இறக்கினேன். பயனர் பேர் என்ன வைக்கலாம் என்று கேட்டேன். மாமா யோசிக்கவே இல்லை. கப்பல் யார்டில் அவருடைய டோக்கன் எண், முந்நூற்றுப் பதினெட்டு. அதையே போடச் சொன்னார். போட்டேன். சற்று நேரத்தில் முதல் வேலை வந்து இறங்கியது. ஒரு பட்டை, அதில் சதவீதம், பக்கத்தில் முடிக்க வேண்டிய தேதி. பத்து நாள் கெடு.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மவுஸைப் பிடித்துக்கொண்டார். பட்டை நகரவில்லை. ஒரு மணி நேரம் பார்த்தார். நகரவில்லை. நான் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். ஆள் கம்ப்யூட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தால் வேலையை நிறுத்து என்று ஒரு கட்டத்தில் டிக் இருந்தது.

"மாமா, நீங்க மவுஸை ஆட்டுற வரைக்கும் அது வேலை செய்யாது."

"எங்க யார்டுல மேஸ்திரி பார்த்தாத்தான் வேலை நடக்கும். இங்க மேஸ்திரி பார்த்தா நின்னுடுதே!"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அக்கா முதுகைத் தடவி, அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் அந்த டிக்கை எடுத்துவிட்டேன்.

அடுத்தது கரண்ட். அது வரிசை வீடு. ஒரே கூரையின் கீழ் எட்டு அறை. யாரும் அதிகம் இழுக்கக் கூடாதென்று வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் ஒவ்வோர் அறைக்கும் மூன்று ஆம்பியரில் பிரேக்கர் போட்டு, பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருந்தார். பிரேக்கர் விழுந்தால் அவரைத் தேடிப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். நான் என் கரண்ட் மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். ஆக்சிஜன் மிஷின், மின்விசிறி, கம்ப்யூட்டர் மூன்றும் ஓடினால் மூன்றைத் தாண்டுகிறது. கம்ப்யூட்டரைப் பாதி வேகத்தில் ஓடு என்று அமைத்தேன். இரண்டே முக்காலில் நின்றது.

"இப்படியே இருக்கட்டும் மாமா. இதுக்கு மேல ஏத்தாதீங்க."

"பாதி வேகத்துல பத்து நாள்ல முடியுமா?"

"முடியாதுன்னுதான் தோணுது."

"முடியலேன்னா?"

சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மோட்டார் காத்திருந்தது. அவசரத்தில், சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்: "டோக்கனைப் புடுங்கிட்டு வேற ஆளைப் போட்டுடுவாங்க."

இதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அது வெறும் கேலி. மாமா யார்டில் வளர்ந்தவர். அங்கே தொட்டியைக் கெடுவுக்குள் முடிக்காவிட்டால் அந்தக் கும்பலின் டோக்கன் முழுவதையும் பிடுங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிறுத்துவார்கள். தன் கும்பல் ஒருமுறை அப்படி நின்றதை அவர் எனக்கே சொல்லியிருக்கிறார். சொன்னவனுக்கு ஞாபகம் இல்லை. கேட்டவருக்கு இருந்தது.

எட்டாம் நாள் பக்கத்துத் தெருவில் ஒரு பம்ப் வேலை. மத்தியானம் முடிந்தது. எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று கதவைத் தள்ளினேன். அறை அடுப்படி மாதிரி கொதித்தது. கம்ப்யூட்டர் விசிறி வீறிட்டுக்கொண்டிருந்தது. மாமா முழங்காலில் இரண்டு கைகளையும் ஊன்றி, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நீலம். மூக்குக் குழாய் ஆணியில் தொங்கியது. ஆக்சிஜன் மிஷின் அணைந்து கிடந்தது.

ஓடிப்போய் அதைப் போடக் கை நீட்டினேன்.

"தொடாதே!" என்றார். "போட்டா... விழுந்துடும். மூணாம் நாள் விழுந்துச்சு. வீட்டுக்காரன்... மூணு மணி நேரம் வரல. ரெண்டும் போச்சு."

அவர் முழு வேகத்துக்கு ஏற்றியிருந்தார். அக்கா காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பியதும் மிஷினை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டரை நூறுக்கு ஏற்றுவது. நாலரை மணிக்கு மில் சங்கு ஊதியதும் ஐம்பதுக்கு இறக்கி மிஷினைப் போடுவது. ஐந்து மணிக்கு அக்கா வரும்போது மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருப்பார். பகலில் பத்து மணி முழு வேகம், மிச்ச நேரம் பாதி வேகம், பத்தாம் நாள் இத்தனை மணிக்கு முடியும் என்று ஓர் அட்டைத் துண்டில் கணக்கும் போட்டிருந்தார். தப்பில்லாத கணக்கு.

"பைத்தியமா மாமா உங்களுக்கு? அந்த மீட்டர் என்ன ஆகும்? நர்ஸ் வந்து பார்த்தா?"

"ரெண்டு நாள் மாப்ளே. எண்பத்தொண்ணு ஆயிடுச்சு... பாரு. ரெண்டே நாள். அப்புறம் அந்த மாமியாரை இருபத்துநாலு மணியும் கட்டிக்கிட்டு அழுறேன். சரிக்கட்டிடலாம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சொன்னே... உன்னைக் கொன்னுடுவேன்." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். கொசு அடிக்கக்கூடத் தெம்பில்லாத கை. "ஒரு வருஷமா என்ன செஞ்சேன் சொல்லு. தின்னேன், இருமினேன். இது ஒண்ணு... என் டோக்கன்ல."

பட்டையைப் பார்த்தேன். எண்பத்தொன்று. இரண்டு நாள்தானே என்று எனக்கும் தோன்றியது. அக்காவிடம் சொல்லவில்லை. இன்னொன்றும் செய்யவில்லை. ஒரு வேலை முடிந்தால் அடுத்த வேலை தானாகவே வந்து இறங்கிவிடும். வேண்டாமென்றால் அதற்கும் ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தாமல் வந்துவிட்டேன். அப்படி வரும் என்பதே அன்றைக்கு என் மண்டையில் இல்லை.

முதல் வேலை முடிந்தது. அரை நிமிடத்தில் இரண்டாவது வந்து உட்கார்ந்தது, புதுக் கெடுவோடு. கெடு வைத்துக் கையில் கொடுத்த வேலையைக் கீழே போட மாமாவுக்குத் தெரியாது. அது முடிய மூன்றாவது. எனக்கு ஊருக்கு வெளியே ஒரு ஆலையில் மோட்டார் கட்டுகிற வேலை. இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அக்கா போன் பண்ணினாள்.

"சிஸ்டர் வந்திருக்காங்க. உடனே வாடா."

போனபோது நர்ஸ் தரையில் குந்தி மிஷினின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சம்பளத்தோடு கூடிய லீவு இல்லாத கம்பெனியில் அரை நாள் போட்டுவிட்டு நின்றாள்.

"நானூத்தம்பது வரணும்மா. நானூத்தி இருபத்தாறுதான் ஓடியிருக்கு."

"மீட்டர் கெட்டிருக்கும் சிஸ்டர். நான் வேலைக்குப் போறப்ப ஓடுது, வர்றப்ப ஓடுது. என் கண்ணால பார்க்குறேன்."

"மீட்டர் கெடாதும்மா."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அவ பொய் சொல்லல" என்றார் மாமா. "நான்தான் அணைச்சேன். வேலை இருந்துச்சு."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரை. பிறகு என்னை. என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும்.

"உனக்குத் தெரியுமா?"

நான் தலையைக் குனிந்தேன்.

நர்ஸ் கெட்டவர் இல்லை. வெளியே போய் நின்று போனில் வெகு நேரம் பேசினார். நாலைந்து முறை ப்ளீஸ் என்று சொன்னது எங்களுக்கே கேட்டது. உள்ளே வந்து மாமாவின் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்து நாலு. போன மாதம் தொண்ணூற்று ஒன்று. கணுக்காலை அழுத்தினார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"நோய் இதயத்துக்கும் ஏறிடுச்சு" என்றார் அக்காவிடம், தணிந்த குரலில். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "பகல் பூரா இல்லாம இருக்க முடியுதுன்னு அவரே காட்டிட்டாரும்மா. அங்க வார்டுல ஒருத்தர் ஒரு மணி நேரம் கழட்ட முடியாம படுத்திருக்காரு. இது கிடைச்சா வீட்டுக்குப் போகலாம்னு மூணு வாரமா காத்திருக்காரு. பேரை மறுபடி எழுதிக்கிறேன். நாலு மாசம் ஆகும்."

"நாலு மாசம்" என்றாள் அக்கா. அதற்கு மேல் கெஞ்சவில்லை. அழவும் இல்லை. என் பக்கம் திரும்பிச் சாதாரணக் குரலில் கேட்டாள்:

"அந்த வேலையைக் கெடுவுக்குள்ள முடிக்கலேன்னா என்னடா ஆகியிருக்கும்?"

முந்தின நாள்தான் அவர்களுடைய இணையப் பக்கத்தில் அதைப் படித்திருந்தேன், முதல் முறையாக. ஒரே வேலையை இரண்டு கம்ப்யூட்டருக்கு அனுப்பி, இரண்டு விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். ஒருவர் முடிக்காவிட்டால் மூன்றாவது ஆளுக்கு அனுப்புவார்கள். யார் பேரையும் அடிப்பதில்லை. யாரும் கேட்பதுகூட இல்லை.

"ஒண்ணும் ஆகியிருக்காது அக்கா."

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். "டோக்கன்?"

"சும்மா சொன்னேன் மாமா. விளையாட்டுக்கு."

அவர் கம்ப்யூட்டர் பட்டையைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிளினிக் வேனில் வந்த டிரைவருக்கு இடுப்பு வலி. மிஷினை நான்தான் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினேன். இருபது கிலோவுக்கு மேல். வரிசை வீட்டு ஜனம் வாசலுக்கு வாசல் நின்று பார்த்தது. வேன் போனபிறகு உள்ளே வந்தேன். கம்ப்யூட்டர் பட்டை முப்பத்து நாலில் நகர்ந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். செருகியைப் பிடுங்கினேன். விசிறி சுற்றி ஓய்ந்தது.

அப்போதுதான் கேட்டது. ஒரு வருடமாக அந்த வீட்டில் மிஷின் ஓசை இல்லாத நேரத்தில் நான் ஒருமுறைதான் இருந்திருக்கிறேன், அன்றைக்கும் கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டும் இல்லை. மாமாவின் மூச்சு மட்டும். ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பது மாதிரி ஒரு சத்தம், நிற்கும், மறுபடி இழுக்கும். நிற்கிற இடத்தில் நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்தாறு முறை அதைக் கேட்டிருப்பாள்.

"அதைப் போட்டு விடுடா" என்றாள்.

"எதை?"

"அந்தச் சனியனைத்தான். முழுசா ஏத்தி விடு. சத்தமாவது இருக்கட்டும். இதைக் கேட்டுக்கிட்டு என்னால நாலு மாசம் உட்கார முடியாது."

மாமா தலையை அசைத்தார். சரி என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா தெரியவில்லை. நான் செருகியை மாட்டி, நூறு என்று போட்டேன்.