மலை கேட்ட பிள்ளை

தெமோதரைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், விடிந்ததும் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போவதற்கு முன்னால், வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் எல்லோரும் மலைத் தண்ணீர் குழாய் வழியாக விழும் பீலியடியில்தான் இருப்பார்கள். குடம் நிறையும் வரை வாய் சும்மா இருக்குமா? யார் வீட்டில் சண்டை, கங்காணி யாரை முறைத்தார், எவளுக்குப் புது மூக்குத்தி வந்தது என்று தோட்டத்துச் சங்கதி எல்லாம் அங்கேதான் அலசிப் பிழியப்படும். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டில் அவர்களுக்கு வேறு பேச்சே இல்லை. எல்லாம் கோச்சிதான். மலையகத்தில் ரயிலுக்கு அதுதான் செல்லப் பெயர்.

பேசாமல் என்ன செய்வார்கள்? பண்டாரவளையோடு நின்றிருந்த ரயில் பாதையைப் பதுளைப் பட்டணம் வரை கொண்டுபோக மலையை வெடி வைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெடி வெடித்தால் லயத்துத் தகரக் கூரை அதிரும், அடுப்பில் இருக்கும் சோற்றுப் பானை ஆடும். அதிலும் தெமோதரையில் நடந்த வேலை இருக்கிறதே, அது அதிசயத்திலும் அதிசயம். மேலே ஸ்டேசனைக் கட்டினார்கள். அந்த ஸ்டேசனுக்கு நேர் அடியிலேயே மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டினார்கள். பாதை ஸ்டேசனைத் தாண்டி, மலையை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே இறங்கி, தான் வந்த வழிக்கு அடியிலேயே நுழைந்து பதுளைப் பக்கம் வெளியே வருமாம். கேட்டவர்கள் விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை.

கொழுந்தெடுக்கிற வேலாயிக்கும் விளங்கவில்லை. அவள் புருசன் வீரய்யா தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, தண்டவாளத்துக்குச் சல்லிக்கல் கொட்டுகிற கூட்டத்தில் சேர்ந்திருந்தான். அவனே வந்து சொல்லியும் அவள் நம்பவில்லை. "ஸ்டேசனுக்கு அடியில கோச்சி போவுதாம். கள்ளுக் குடிச்சிட்டு வந்து பேசாத" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

அவளுக்கு வேறு கவலை இருந்தது. மகள் நல்லம்மா ஆறு வயதுச் சுட்டி. வெடிச் சத்தம் கேட்டால் போதும், மலை வெட்டுகிற பள்ளத்தின் விளிம்புக்கு ஓடிவிடுவாள். திட்டியும் பார்த்தாள், அடித்தும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் களைத்துப்போய், வாயில் வந்ததை எடுத்து விட்டாள்.

"அங்கிட்டுப் போகாதடி. மலையக் கொடையணும்னா மலை ஒரு புள்ளைய கேக்குமாம். குடுத்தாத்தான் வழி விடுமாம். அதுக்குத்தான் புள்ள புடிக்கிறவன் ஒருத்தன் மூட்டையத் தூக்கிட்டு அலையுறானாம்."

நல்லம்மா கண்ணை அகல விரித்தாள். மறுநாள் வெடி வெடித்தபோது லயத்து வாசலை விட்டு அவள் நகரவே இல்லை. வேலாயிக்கு ஒரே சந்தோசம். அந்தச் சந்தோசத்தில், "இப்பிடி ஒரு பேச்சு இருக்குதாமே, உங்களுக்குத் தெரியாதா?" என்று பீலியடியிலும் போட்டு வைத்தாள். மற்றப் பிள்ளைகளும் அடங்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

பேச்சுக்குக் கால் முளைத்தது. அடுத்த தோட்டத்துக்குப் போனது, மலை ஏறி இறங்கிப் பூனாகலை வரைக்கும் போனது. போகும்போது ஒற்றையாய்ப் போனது, திரும்பி வரும்போது சட்டை, தலைப்பாகை எல்லாம் போட்டுக்கொண்டு வந்தது. கொண்டுவந்தவள் பக்கத்துக் காம்பிராவில், சுவருக்கு அடுத்த அறையில் இருந்த ரெங்கம்மா.

"என் நாத்தனா பூனாகலையில இருக்கால்ல? அங்க ரெண்டு புள்ளைய காணோமாம். துணிப் பொட்டணி யாவாரம் பண்ணுற மாதிரி லயத்துக்கு வருவானாம். மாட்டு வண்டி வச்சிருக்கானாம். புள்ளைய துணி மூட்டைக்குள்ள கட்டிட்டுப் போய் மலைக்குக் குடுக்குறானாம்."

கேட்டதும் வேலாயி வாசலில் இருந்த மகளை உள்ளே இழுத்துக்கொண்டாள். மனித மனத்தை என்னவென்று சொல்வது! கதையைக் கட்டியவளே இவள். ஆனால் அது இரண்டு பிள்ளைகளோடும் ஒரு மாட்டு வண்டியோடும் திரும்பி வந்து நின்றபோது அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. 'நான் சும்மா சொன்னேன், அது நெசமாவே இருந்திருக்கே' என்று நினைத்து, அன்று முதல் மகளை இறுக்கி அணைத்துக்கொண்டு படுத்தாள்.

அந்தத் தோட்டத்துக்குப் பொட்டணி கொண்டுவருகிறவர் ஒரே ஒருவர்தான். பதுளையிலிருந்து வரும் முஸ்லிம் வியாபாரி புஹாரி நானா; நானா என்றால் அண்ணன். ஒற்றை மாட்டு வண்டியைப் பாதையோரம் நிறுத்திவிட்டு, சேலையும் சீட்டித் துணியும் கட்டிய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாக ஏறுவார். மடியில் பிள்ளைகளுக்குக் கற்கண்டு இருக்கும். நல்லம்மா பிறந்தபோது, "தொட்டிலுக்கு இது என்ட பங்கு" என்று ஒரு துண்டுத் துணியைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனவர் அவர். பயம் வந்தால் இதெல்லாமா ஞாபகம் வரும்?

சுரங்கம் திறந்து, பதுளை வரை தண்டவாளமும் போட்டு முடிந்திருந்த நேரம். பெரியவர்கள் எல்லாம் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு பகலில் நானா வந்தார். மூட்டையைக் கண்டதும் வாசலில் விளையாடிய நல்லம்மா அலறிக்கொண்டு ஓடினாள்.

"என்னத்துக்குப் புள்ள ஓடுறாய்? நில்லு, விழப் போறாய்!"

அவர் கூப்பிடக் கூப்பிட அவள் இன்னும் வேகமாக ஓடி, புதிதாக வெட்டிய பள்ளத்தில் விழுந்தாள். உடைத்துப் போட்ட கருங்கல் தொடையை ஆழமாகக் கிழித்துவிட்டது. நானா பள்ளத்தில் இறங்கி அவளைத் தூக்கினார். இரத்தம் குபுகுபு என்று வந்தது. மூட்டையைப் பிரித்து, விற்க வைத்திருந்த புதுச் சேலையைக் கிழித்துக் காயத்தைக் கட்டினார். லயத்தடிக்கு ஓடி, "யாராவது வாங்க! புள்ளைக்கு அடிபட்டிருக்கு!" என்று கத்தினார். வீட்டில் இருந்த நாலைந்து பெண்கள் அவர் குரலைக் கேட்டதும் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் பிள்ளையை வண்டியில் கிடத்திப் பதுளை ஆஸ்பத்திரிக்கு மாட்டை விரட்டினார்.

ஸ்டேசனுக்குக் கிட்டப் போவதற்குள் செய்தி அவரை முந்திக்கொண்டது. "புள்ள புடிக்கிறவன் போறான்!" என்று மேலே இருந்து யாரோ கத்த, பாதையில் கூட்டம் மறித்தது. வண்டிச் சக்கரத்தை உடைத்தார்கள். மாட்டை அவிழ்த்து விரட்டினார்கள். அவர் சொன்ன எதுவும் ஒருவர் காதிலும் ஏறவில்லை. கல் பறந்தது. நானா பிள்ளையைக் கீழே விட்டு ஓடவில்லை. அவள்மேல் குப்புறக் கவிழ்ந்து, காயத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி கிடந்தார்.

கொழுந்துக் கூடையோடு ஓடிவந்த பெண்களில் வேலாயியும் ஒருத்தி. யார் பிள்ளை என்று கூட அவளுக்குத் தெரியாது. ஒரு கல்லை எடுத்து ஓங்கிவிட்டாள். அப்போது அவர் தோளுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது.

"அம்மா, எறியாத. நானாவுக்கு வலிக்குது."

கல் கையிலிருந்து நழுவியது. வேலாயி போட்ட கூச்சலில் கூட்டம் முழுவதும் உறைந்து நின்றது. நல்லம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "நாந்தான் ஓடுனேன். நானா தூக்குச்சு" என்றாள். கல் எறிந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பின்வாங்கினார்கள்.

நானாவின் இடது கண்ணிலிருந்து இரத்தம் வழிந்தது. ஆனால் கையை மட்டும் அவர் எடுக்கவில்லை. "கைய எடுத்தா ரத்தம் நிக்காது தங்கச்சி. கெதியா வண்டி ஒண்டு பாருங்க."

வண்டிக்கு எங்கே போவது? இருந்த ஒன்றையும் உடைத்தாகிவிட்டது. சத்தம் கேட்டு ஸ்டேசனிலிருந்து ஓடிவந்த வீரய்யாதான் வழி சொன்னான். "சல்லிக்கல் ஏத்துற இஞ்சின் பதுளைப் பக்கம் பொறப்படப் போவுது. அதுல போனா ஒடனே போயிரலாம்."

"அது... அந்தக் கொகைக்குள்ளயா போவும்?" என்றாள் வேலாயி.

"வேற வழி இல்ல."

பறங்கி டிரைவர் பிள்ளையை ஒரு தரம் பார்த்தார். "ஏத்து" என்ற ஒரு சொல்தான் சொன்னார். கல் ஏற்றாத வெறும் பெட்டியில் வேலாயி மகளை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நானா காயத்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். இஞ்சின் ஊதியது.

அதுவரைக்கும் மாட்டு வண்டிக்கு மேல் எதிலும் ஏறியிராதவள் அவள். மலை அவள் கண்முன்னால் சுழன்றது. தேயிலை மலைகள் எழுந்து நகர்ந்தன, ஆறு ஒருமுறை இந்தப் பக்கம் தெரிந்தது, பிறகு அந்தப் பக்கம் தெரிந்தது. பாதை வளைந்து வளைந்து கீழே இறங்கியது. பிறகு, மலை வாயைத் திறந்துகொண்டு எதிரே நின்றது. மலை பிள்ளை கேட்கிறது என்று சொன்னவள், தன் பிள்ளையைத் தானே மடியில் வைத்து அதற்குள் கொண்டுபோனாள்.

இருட்டு. காது அடைக்கும் சத்தம். புகை. "முனியாண்டி, முனியாண்டி" என்று அவள் முனகினாள். பக்கத்திலிருந்து "யா அல்லாஹ்" என்று நானாவின் குரல் வந்தது. அந்த இருட்டில் அவளால் பொறுக்க முடியவில்லை.

"நானா, அந்தக் கதையக் கட்டுனது நாந்தான். இவள பயங்காட்டத்தான் அப்பிடிச் சொன்னேன். நாந்தான் நானா."

 இஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ, அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் காயத்தின் மேல் இருந்த கை அசையவே இல்லை.

சட்டென்று வெளிச்சம் வந்தது. நல்லம்மா மல்லாந்து கிடந்தபடியே விரலை நீட்டினாள். "அம்மா, மேல பாரு! நம்ம ஸ்டேசன்!"

வேலாயி திரும்பிப் பார்த்தாள். சற்று முன் அவள் ஏறிய ஸ்டேசன் தலைக்கு மேலே, மலை உச்சியில் இருந்தது. அதன் அடியிலிருந்துதான் இவர்கள் வந்திருக்கிறார்கள். புருசன் சொன்னது அத்தனையும் உண்மை. மனிதன் மலைக்குள் புகுந்து, மலையைச் சுற்றி, மறுபக்கம் உயிரோடு வந்துவிட்டான். எந்த மலையும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு அழுகையும் கும்பிடும் சேர்ந்து வந்தன.

பதுளை ஆஸ்பத்திரியில் நல்லம்மா பிழைத்தாள். கால் கொஞ்சம் சாய்ந்துதான் போனது. நானாவின் இடது கண் பிழைக்கவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பிய வேலாயி பீலியடியில் நின்று, "அது நான் கட்டுன பொய்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். வேடிக்கை என்னவென்றால், அவள் பொய் சொன்னபோது நம்பியவர்கள் உண்மை சொன்னபோது நம்பவில்லை. "போடி! பூனாகலையில ரெண்டு புள்ள காணாமப் போனதும் நீ கட்டுனதா?" என்று ரெங்கம்மா மடக்கினாள். வேலாயி விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூனாகலைக்கு நடந்தே போனாள். அங்கே ஒரு பிள்ளையும் காணாமல் போகவில்லை. "உங்க தோட்டத்துலதான் ரெண்டு புள்ள போச்சுன்னு கேள்விப்பட்டோம்" என்றாள் ரெங்கம்மாவின் நாத்தனார்.

அடுத்த வருடம் பதுளைக்கு முதல் கோச்சி வந்தது. ஸ்டேசன் முழுக்கக் கொடியும் தோரணமும். வெலிமடையிலிருந்து கூட வண்டி கட்டிக்கொண்டு சனம் வந்திருந்தது. லயத்துப் பெண்களும் இறங்கி வந்தார்கள். வந்த இடத்திலும் ரெங்கம்மாவுக்கு வாய் நிற்கவில்லை. "கோச்சிக்குள்ள உக்காந்தா ஒடம்புல ரத்தம் வத்திப் போவுதாமே" என்று ஆரம்பித்திருந்தாள்.

கூட்டத்துக்கு வெளியே, ஒரு மரத்தடியில் புஹாரி நானா தனியாக நின்றார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் எந்த லயத்துக்கும் பொட்டணி கொண்டுபோகவில்லை. நல்லம்மா அவரைக் கண்டதும் சாய்ந்து சாய்ந்து ஓடினாள். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"வேணாம் புள்ள. கிட்ட வராத. ஆக்கள் பார்க்கிறாங்க."

வேலாயி மகளுக்குப் பின்னாலேயே வந்து நின்றாள். "நானா, அன்னைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டிச்சு தங்கச்சி." அவர் ஒற்றைக் கண்ணால் தண்டவாளத்தைப் பார்த்தார். "கல்லு பட்டது ஆறிட்டு. என்ட மூட்டையக் கண்டு சின்னதுகள் ஓடினதுதான் இன்னம் ஆறல்ல."

நல்லம்மா இரண்டு கையையும் உயர்த்தினாள். "தூக்குங்க நானா. எனக்குக் கோச்சி தெரியல."

அவர் வேலாயியைப் பார்த்தார். வேலாயி தலையாட்டினாள். அவர் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்தபோது லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் மலைக்குப் பின்னாலிருந்து ஊதல் சத்தம் கேட்டது. கரும்புகை எழுந்தது. மாலை போட்ட இஞ்சின், பெட்டி பெட்டியாக மனிதர்களை இழுத்துக்கொண்டு, தரை நடுங்கப் பட்டணத்துக்குள் வந்து நின்றது. இத்தனை மலையைக் கடந்து வந்ததைப் பார்த்துக் கிழவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள். நல்லம்மா நானாவின் தலையைப் பிடித்துக்கொண்டு கூவினாள்.

வேலாயி ரெங்கம்மாவின் பக்கம் திரும்பினாள். அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"இத்தன பெரிய மலையக் கொடஞ்சாங்களே, அது ஒரு புள்ளையையும் கேக்கல ரெங்கம்மா. நம்ம வாயிதான் கேட்டுச்சு. இனிமே யாரு எதக் கொண்டாந்து சொன்னாலும், நீ கண்ணால பாத்தியான்னு மொதல்ல கேளுங்க. பாக்கலன்னு சொன்னா, அந்தப் பேச்சு உங்க காதோட செத்துப் போவட்டும்."