குழாய் தடித்த கதை

என் வீட்டுக்காரர் பிளம்பர். உலகத்தில் உள்ள எந்த நோயையும் அடைப்பு, கசிவு என்று இரண்டே வகையில் பிரித்துவிடுவார். நான் பஸ் டிரைவர். சர்க்கரை ஏறி, இன்சுலின் போட ஆரம்பித்ததும் டிப்போவில் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு என்னைப் பாஸ் கவுன்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில்தான், இரைப்பையைச் சுருக்கிக் குடலை அதோடு இணைக்கும் பைபாஸ் ஆபரேஷனுக்கே ஒத்துக்கொண்டேன். உடம்பு இளைத்தது. அழகு யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியது என் வண்டி. இன்று டாக்டரம்மா சொல்லப்போகும் வார்த்தையில்தான் அது இருந்தது.

அவர் எண்டோஸ்கோபி படத்தைத் திரையில் போட்டார். "நாங்க மேல இழுத்துத் தச்ச சிறுகுடல் இதுதான். நல்லா பெருத்துத் தடிச்சிருக்கு."

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "தடிச்சிருக்கா? அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டேனே! குழாய வெட்டி வேற பக்கம் ஒட்டினா ஜாயின்ட்ல அடைப்பு வரும்னு. ஒரு கம்பி விட்டு..."

"யாருக்குய்யா கம்பி?" என்று எகிறினேன். பயம் வந்தால் கத்துவது என் வழக்கம்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சார், உங்க குழாய் வச்ச இடத்துல அப்படியே கிடக்கும். இது உசுருள்ளது. முன்னாடி இரைப்பை அரைச்சுக் கூழாக்கி அனுப்பும். இப்ப அரைகுறையா அரைஞ்ச சாப்பாடு நேரா வந்து விழுது. வேலை கூடிருச்சுல்ல, அதான் உள்சுவர் வளந்துக்கிச்சு. வளரத் தீனி வேணுமே? ரத்தத்துல இருக்கிற சர்க்கரைய இழுத்து எரிக்குது. எல்லாருக்கும் இவ்வளவு நல்லா அமையாது. இவங்களுக்கு இன்சுலின நிறுத்தியும் சர்க்கரை ஏறவே இல்ல."

"அப்ப வண்டி?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தாராளமா ஓட்டுங்க."

"குழாயே தன்னால வளந்துக்கிட்டா எங்க பொழப்பு என்னாவுறது?" என்று வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் முன்சீட்டைப் பிடித்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் கால் தரையை மிதித்தது. வளைவு வந்தால் வாயாலேயே ஹாரன் அடித்தேன். கிறுக்கி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

ஓட்டியவர் எங்கள் டிப்போக்காரர்தான். கண்ணாடியில் பார்த்து, "அக்கா, டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றார்.

"ஓட்டலாம்னுட்டாங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"அப்ப சீக்கிரம் வந்து சேருங்கக்கா. இந்த ரூட்டு உங்களுதுதான்."

பதில் சொல்ல வாயெடுத்தால் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. இரண்டு பேரும் இறங்கவில்லை.