டாலரஸ் பாவ்லிக்கின் ஓட்டு

1

இந்தக் கதை எனக்குப் பொரித்த மீன் வாங்கும் வரிசையில் கிடைத்தது. இறைச்சி விலக்கும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஒஹாயோ ஊரான மெர்வின் ஃபால்ஸ் முழுக்க சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில்தான் சாப்பிடும். எனக்குப் பின்னால் தட்டோடு நின்ற பெண்மணி தோளைத் தட்டினாள்.

"நீ கல்யாணக் கதை எழுதுறவதானே? நான் ஒண்ணு சொல்றேன். பேரை மட்டும் மாத்திக்கோ."

மாற்றிவிட்டேன். இனி அவள் டாலரஸ். அவள் சொன்னது பல்கலைக்கழகத் தலைவர் தேர்வைப் பற்றி. கல்யாணம் எங்கே என்று கேட்டேன். "பொறு, வரும்," என்றாள்.

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: ஒரு பெரிய மனிதரின் வீழ்ச்சி எப்போது தொடங்குகிறது என்றால் (இல்லை. அவர் விழவே இல்லை.)

இரண்டாவது: அந்தத் தேர்வில் நின்ற ஹாலிஸ் பென்டர் ஒரு பொய்யர். (உண்மைதான். ஆனால் அவர் இந்த ஊரில் பாதிப் பேரின் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரிப்பவர். இந்த வாக்கியத்துக்குள் அவர் அடங்கவில்லை.)

டாலரஸிடமிருந்தே தொடங்குகிறேன்.

2

டாலரஸ் ஓய்வுபெற்ற நர்ஸ். பல்கலைக்கழக நிர்வாகக் குழுவின் ஒன்பது பேரில் ஒருத்தி. மாணவர் எண்ணிக்கை வருடா வருடம் சரிந்துகொண்டிருந்தது. இன்னும் சரிந்தால் கதவைச் சாத்த வேண்டியதுதான். அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் புதிய தலைவரைத் தேடினார்கள். மூன்று பேர் மிஞ்சினார்கள். இருவர் முனைவர் பட்டக்காரர்கள். மூன்றாமவர் கோச் ஹாலிஸ் பென்டர்.

பதினாறு வருடங்களுக்கு முன் அவர் இங்கே அமெரிக்கக் கால்பந்துக் கோச். கோப்பை வாங்கித் தந்தார். அது பறிபோகவும் காரணமானார். ஆட்டக்காரர்கள் வகுப்பில் தர வேண்டிய கட்டுரைகளை வேறு யாரோ எழுதிக் கொடுத்தது வெளியே வந்தது. 'எனக்குத் தெரிந்து விதிமீறல் எதுவும் இல்லை' என்ற படிவத்தில் கோச் ஒவ்வொரு செப்டம்பரிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆட்டக்காரர்களின் படிப்பைக் கவனித்துவந்த அலுவலர், "நான் அப்பவே கோச்கிட்ட சொல்லிட்டேன்" என்றார். சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்றது விசாரணை அறிக்கை. அவர் வேலை போயிற்று. கோச்சும் விலகிப்போனார், ஆனால் வேறொரு கல்லூரியில் மாணவர் நலன் பார்த்து, நல்ல பெயரே எடுத்தார்.

அந்த அலுவலர் வெர்ன் பாவ்லிக். டாலரஸின் கணவர்.

(இவள் இந்த ஓட்டிலிருந்து விலகியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அவளும் கேட்டாள். குழுவை நடத்தும் வங்கிக்காரர் க்ளென், "அந்த அறிக்கையில ஊர்ல பாதிப் பேர் இருக்கோம் டாலி. எல்லாரும் விலகினா காபி போடுறவர்தான் ஓட்டுப் போடணும்," என்றார்.)

நேர்காணலுக்கு முனைவர்கள் வந்தபோது குழு உட்கார்ந்தபடியே வணக்கம் சொன்னது. கோச் கதவைத் திறந்ததும் ஒன்பது நாற்காலிகளும் பின்னால் நகர்ந்தன.

3

மதியம் வீட்டில் வெர்ன் தக்காளி சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். இப்போது அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், மதியங்களில் வீட்டில்தான்.

"எப்படிப் போச்சு?"

"நல்லாத்தான் பேசினாரு. மூணு வருஷத்துல எண்ணூறு பிள்ளைங்களச் சேர்த்துக் காட்டுறேங்கறாரு."

"சேர்த்துடுவான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல." கரண்டியைக் கீழே வைத்தார். "அவன் உள்ள வந்தப்போ எல்லாரும் எந்திரிச்சாங்களா?"

"ம்."

"நீ?"

"கால் தானா எந்திரிச்சுது, வெர்ன்."

அவர் சிரித்தார். "நானா இருந்தா கை வேற தட்டியிருப்பேன்."

(இங்கே அவரைக் கோபப்பட வைத்து ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். கத்தினாரா என்று டாலரஸிடமே கேட்டேன். "கத்தியிருந்தா பரவாயில்லையே. சூப்பை எனக்கு ஊத்திக் குடுத்தாரு," என்றாள்.)

கிண்ணத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு வெர்ன் சொன்னார்: "ஓட்டு உன்னோடது. யாருக்கு வேணா போடு. ஆனா ஒண்ணு. நான் அவன்கிட்ட சொன்னேனா இல்லையான்னு இந்தப் பதினாறு வருஷத்துல நீ ஒரு தடவை கூட கேக்கல."

"நீ சொன்னேன்னு சொன்ன. நான் நம்பினேன்."

"இல்ல டாலி. நீ கேக்காம இருந்த. அது வேற."

அவள் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால் அவர் சொன்னது சரி. அறிக்கையை அவள் இரண்டு முறை படித்திருந்தாள். இரண்டு முறையும் அவருக்குத் தெரியாமல். ஓட்டு எப்படிப் போனாலும், இந்தச் சந்தேகத்தோடு இனி இந்த மேசையில் உட்கார முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கல்யாணம் வந்துவிட்டது, பார்த்தீர்களா.

4

குழுவின் பொதுக் கூட்டம். ஊரார் வந்து உட்காரலாம். பேச்சு முழுக்கப் பதிவாகும். வெர்ன் மூன்றாவது வரிசையில். கோச் முன்வரிசையில். கோச்சைத் தலைவராக்கலாமா என்பதுதான் ஓட்டு: நான்கு ஆதரவு, நான்கு எதிர்ப்பு. செயலாளர் "திருமதி பாவ்லிக்?" என்றார்.

"ஓட்டுக்கு முன்னாடி கோச்கிட்ட ஒரு கேள்வி."

"நேர்காணல் முடிஞ்சு போச்சே டாலி," என்றார் க்ளென்.

"முடியல. அன்னிக்கு நான் இதைக் கேக்கல." கோச்சைப் பார்த்தாள். "கட்டுரை விஷயத்தை வெர்ன் உங்ககிட்ட சொன்னாரா?"

(முதல் வடிவத்தில் கோச்சை மழுப்ப வைத்தேன். அது எனக்கு வசதி. வில்லன் கிடைப்பார், டாலரஸ் 'இல்லை' என்பாள், நீங்களும் திருப்தியாகப் போவீர்கள். ஆனால் பதிவில் இருப்பது வேறு.)

கோச் எழுந்தார்.

"சொன்னாரு. அக்டோபர் மாசம், என் ஆபீஸ்ல. சீசன் முடியட்டும்னு நான்தான் சொன்னேன். அப்புறம் விசாரணையில எனக்குத் தெரியாதுன்னுட்டேன்." நேராக டாலரஸைப் பார்த்தார். "இதைச் சொன்னா இந்த வேலை போயிடும்னு தெரியும், டாலரஸ்."

டாலரஸ் மூன்றாவது வரிசையைத் தேடினாள். அந்த நாற்காலி காலி; அவள் கேள்வியைக் கேட்டதுமே எழுந்து போயிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில், வெர்ன் கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்த மனிதரைப் போல நிதானமாக.

அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதை அவளுக்குக் கொடுத்தவர்தான் இப்போது அவள் ஓட்டுக்காக நிற்கிறார்.

5

அவள் 'ஆம்' என்ற முடிவை எழுதிப் பார்த்தேன். பொய் சொல்லி ஒருவரின் வேலையைப் பறித்த மனிதர், அதை ஒப்புக்கொண்டதற்காகவே பதவி பெற்றார். எனக்குக் கசந்தது. 'இல்லை' என்றும் எழுதினேன். உண்மை சொன்ன நாளிலேயே ஒருவர் தோற்றார். கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் இனி எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதுவும் கசந்தது.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்களும் அவளைத் தராசில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.

அவளுக்குத் தெரிந்தது முழுவதும் இப்போது உங்களுக்கும் தெரியும். கோச் இன்னும் உட்காரவில்லை. க்ளென் கடிகாரத்தைப் பார்க்கிறார். செயலாளர் இரண்டாவது முறை பெயரைச் சொல்கிறார், உங்களைப் பார்த்துத்தான். ஆமாவா, இல்லையா? ஒன்றைச் சத்தமாகச் சொல்லுங்கள். பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது.