மூன்றாம் நம்பர் பஸ்ஸின் பிரேக்

கடத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் மூன்றாம் நம்பர் பஸ்ஸில் பிரேக் பிடிக்காமல் போன பிறகு, ஏறத்தாழ இரண்டு வருடம் அந்த பஸ்ஸை நிறுத்தியது அதில் ஆயா வேலை பார்த்த சுகுணாவின் வலது கால்தான். டிரைவர் அருள்நாதன் பெடலை மிதிப்பார். அது சேற்றில் வைத்த கால் மாதிரி அடிவரை இறங்கும், ஒன்றும் நடக்காது. முன்சீட்டில் இருக்கும் சுகுணா தன் காலைத் தகரத் தரையில் ஊன்றுவாள், பஸ் நிற்கும். முதல் தடவை இது நடந்தது ஊர் எல்லையில் இருக்கும் பாறைக் குன்றான கரட்டின் இறக்கத்தில். இறக்கத்தின் அடியில் ரயில்வே கேட், அன்று கேட் சாத்தியிருந்தது, பிள்ளைகள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அருள்நாதன் மாதாவைக் கூப்பிட்டார். சுகுணா யாரையும் கூப்பிடவில்லை. வண்டியில் முன்னால் உட்காரும் எல்லாரும் பயத்தில் செய்வதைத்தான் அவளும் செய்தாள், இல்லாத பிரேக்கை மிதித்தாள். கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் பஸ் நின்றது. மாதா காப்பாற்றியதாகவே அருள்நாதன் நினைத்தார். அடுத்த ஊரில் பிள்ளைகளை இறக்கிவிட சுகுணா சீட்டைவிட்டு எழுந்ததும் பஸ் மெல்ல நகர்ந்து மரவள்ளிக் காட்டுக்குள் புகுந்தபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

தாளாளர் மாயவனிடம் இருவரும் போய்ச் சொன்னார்கள். மாயவன் கெட்ட மனிதர் அல்ல. ஓடுகிற வண்டியை எதற்குப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக் ஓட்டிப் பார்த்தபோது சுகுணாவும் வண்டியில் இருந்தாள், பிரேக் பிடித்தது. மே மாதம் மாவட்டத்துப் பள்ளி பஸ்களையெல்லாம் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் சோதிப்பார்கள். அவசர வழிக் கதவு திறக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறதா, தரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டச் சொல்வார்கள். ஆயா கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. மூன்றாம் நம்பர் ஆணி அடித்த மாதிரி நின்றது. வண்டி வைத்திருந்தால் இப்படி வைத்திருக்க வேண்டும் என்று அதிகாரி மற்ற டிரைவர்களிடம் அருள்நாதனைக் காட்டினார். அருள்நாதன் தலைகுனிந்துகொண்டார்.

சுகுணாவின் முழங்கால் வீங்கியது. செருப்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. குதிகாலில் ஒரு கருப்பு ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாமல் நின்றுவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாய்மார்கள் ஒரு கட்டு முடக்கத்தான் கீரை நீட்டினார்கள், மூட்டு வலிக்கு நல்லது என்று தோசை மாவில் அரைத்து ஊற்றச் சொன்னார்கள். அவள் வீட்டில் மூன்று வேளையும் முடக்கத்தான் தோசையாகவே இருந்தது. மற்ற பஸ்களில் போகும் பிள்ளைகளின் பெற்றோர், பிரேக்கைவிட சுகுணாவின் காலை நம்பலாம் என்று தங்கள் பிள்ளையையும் மூன்றாம் நம்பருக்கு மாற்றச் சொல்லி மாயவனிடம் சிபாரிசோடு வந்தார்கள். ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்று மாயவன் எல்லாரையும் சமாதானம் செய்தார். கறக்கப்படுவது யார் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பஸ் தயாரித்த கம்பெனி ஓர் அறிவிப்பு கொடுத்தது. குறிப்பிட்ட வருடத்துப் பள்ளி பஸ்களில் பிரேக் வால்வு பழுதாக வாய்ப்பிருக்கிறது, எல்லாவற்றையும் கிருஷ்ணகிரி பைபாஸில் உள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தரப்படும் என்றது. சுகுணா அன்றுதான் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள். ஆனால் கிருஷ்ணகிரிவரை பஸ்ஸை யார் நிறுத்தி நிறுத்திக் கொண்டுபோவது? சுகுணாதான். அவளை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். சர்வீஸ் சென்டர் பையன் அவளைக் கீழே இறங்கச் சொல்லவில்லை, கால் வீங்கிய பெண்ணை வெயிலில் நிறுத்துவானேன் என்று இரக்கப்பட்டான். வேகமாக ஓட்டி மிதித்தான். அவள் பழக்கத்தில் ஊன்றிவிட்டாள். இந்த வண்டியில் பழுது இல்லை என்று பதிந்துகொண்டு, கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டான். பாதி வழியில்தான் இருவருக்கும் உறைத்தது. அதற்குள் கம்பெனி ஆட்கள் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடி அனுப்பலாமா என்று அருள்நாதன் கேட்டபோது, ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியை எதைச் சொல்லி அனுப்புவது என்று மாயவன் கேட்டார்.

சுகுணாவின் மகள் அன்பரசி அப்போது ஏழு மாதக் கர்ப்பம். தலைப்பிரசவம், தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். கணவன் இறந்த வீட்டில் சுகுணாவை விட்டால் வேறு ஆளில்லை. குழந்தை பிறக்கும்போது மகள் பக்கத்தில் இருக்க வேண்டும், பிறகு இரண்டு மாதம் வீட்டோடு இருக்க வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். பார்க்கலாம் என்றே மாயவன் சொல்லிவந்தார். வலி வந்த அன்று அவள் தகவல் சொல்லிவிட்டு, மூன்றாம் நம்பரை எடுக்க வேண்டாம் என்றும் கெஞ்சிவிட்டு, மகளோடு தருமபுரிக்குப் போனாள். அன்று அரையாண்டுப் பரீட்சை. மாயவன் சமையல் வேலை செய்யும் தங்கம்மாளை முன்சீட்டில் ஏற்றி பஸ்ஸை எடுக்கச் சொன்னார். அருள்நாதன் முடியாது என்றார். வேறு டிரைவரைப் போடுவதாக மாயவன் சொன்னதும், விஷயம் தெரியாதவன் ஓட்டினால் இன்னும் மோசம் என்று அவரே ஏறினார்.

ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுகுணாவின் கால் தானாக உயர்ந்து, தரையில் ஊன்றியது. ஒரு டைல் உடைந்தது. அதே நேரத்தில் கரட்டு இறக்கத்தில் பஸ் கேட்டுக்கு முன்னால் நின்றது. தங்கம்மாள் மயங்கி விழுந்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. அருள்நாதன் போன் செய்தார்.

“நின்னுடுச்சும்மா சுகுணா.”

“தெரியுங்ண்ணா. இங்கயும் ஒண்ணு ஒடைஞ்சிடுச்சு.”

அந்தப் போனை வைப்பதற்குள் நர்ஸ் வெளியே வந்து பெண் குழந்தை என்றாள். மூன்றாம் நாள் மாயவன் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்தார். மனிதர் முகத்தில் உண்மையாகவே ஒரு நிம்மதி இருந்தது.

“அப்ப நீங்க வூட்ல இருந்தே மிதிக்கலாமேம்மா. தாராளமா லீவு எடுத்துக்கங்க,” என்றார்.

அப்படியாக சுகுணாவுக்கு லீவு கிடைத்தது. காலையில் பஸ் கிளம்பும் நேரத்திலிருந்து பள்ளி மணி அடிக்கும்வரை, சாயங்காலம் கடைசிப் பிள்ளை இறங்கும்வரை, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சிமெண்டுத் தரையில் ஊன்றிக்கொண்டிருந்தாள். குழந்தை அழும், அடுப்பில் வெந்நீர் கொதிக்கும், பஸ் கரடு தாண்டட்டும் என்பாள். என்னைப் பார்க்க லீவு போட்டியா, பஸ் ஓட்டப் போட்டியா என்று அன்பரசி அழுதாள். இரண்டும்தான் என்று சொல்லக்கூட சுகுணாவுக்குத் தெம்பு இல்லை. தரையில் குதிகால் அளவுக்குப் பள்ளம் விழுந்தது.

இரண்டாம் மாதம் ஒரு சாயங்காலம் அவள் காலை மடக்கியபடி நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். அருள்நாதனின் போன்தான் எழுப்பியது. இன்னைக்கு வெண்ணெ மாதிரி நின்னுச்சும்மா என்றார். சுகுணா பதறி எழுந்தாள். அவள் மிதிக்கவில்லை. தூளிக்குள் குழந்தை காலை உதைத்துக்கொண்டு கிடந்தது, பொட்டளவு குதிகாலில் கருப்பு ஏறியிருந்தது. தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்தாள், போகவில்லை. இரண்டு வருடம் வராத கோபம் அவளுக்கு அப்போது வந்தது. ஆத்திரத்தில் அழுதாள், மகளிடம் காரணம் சொல்லவில்லை.

மறுநாள் பஸ் கிளம்புமுன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாளாளர் அறைக்குள் போனாள். அங்கே யாரும் உட்காரச் சொல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள். குழந்தையின் இரண்டு பாதத்தையும் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

“இனி நானும் மிதிக்க மாட்டேன், இவளையும் மிதிக்க வுட மாட்டேன். பஸ்ஸ எடுக்கறதா இருந்தா நீங்க உக்காந்து மிதிங்க சார்.”

மாயவன் மேஜைக்கு அடியில் தன் கால்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, வண்டி இழுக்கும் லாரிக்குப் போன் செய்தார்.

சுகுணா இல்லாமல் கட்டி இழுத்துக்கொண்டு போன பஸ்ஸை கிருஷ்ணகிரியில் அதே பையன் மிதித்துப் பார்த்து வெளிறிப்போனான். இதை எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டான். ஓட்டறதுல ஒண்ணும் கஷ்டமில்லீங்க என்றார் அருள்நாதன். மாற்றிய வால்வு அரைத் தேங்காய் மூடி அளவுதான் இருந்தது. எதிர் ஓட்டலில் அவர் சாப்பாட்டை முடித்துக் கை கழுவுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அதைக் கேட்டபோது சுகுணா முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் முன்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். கரட்டு இறக்கத்தில் அருள்நாதன் பெடலை மிதித்தார். பஸ் நின்றது. மடியிலிருந்து கால் இறங்கவில்லை, ஆனாலும் நின்றது. சுகுணா பிள்ளைகள் முன்னாலேயே அழுதாள். டிரைவர் மிதித்தால் தானாகவே நின்றுவிடும் பஸ் ஒன்று கடத்தூரில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, முதல் வாரம் கம்பைநல்லூரிலிருந்தெல்லாம் ஆட்கள் ரயில்வே கேட்டுக்கு வந்து நின்று பார்த்தார்கள். இரண்டாம் வாரத்தில் ஊருக்கு அதுவும் பழகிவிட்டது.