ஐந்துக்கு ஐந்து

சவுந்தரநாயகத்தை நான் நம்பியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அந்த அலுவலகத்தில் தமிழ் பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

கொட்டாஞ்சேனையில் நான் பத்தொன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிற வீட்டை உடைத்து மாடி கட்டப் போவதாக வீட்டுக்காரர் சொன்னார். இரண்டு கிழமைக்குள் வீட்டைவிட்டு எழும்ப வேண்டுமாம். முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிற விதவை நான். எங்கே எழும்புவது? இலவச சட்ட உதவி அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே லோயர் மிஸ் சிங்களம். என் கதையைக் கேட்டு அவருக்கு எழுதிக் கொடுத்தவர் கிளார்க் சவுந்தரநாயகம். வழக்கு முடியும்வரை என்னை எழுப்பக் கூடாது என்று புதுக்கடை நீதிமன்றத்தில் தடையுத்தரவு கிடைத்தது. வழக்குக் கூப்பிடுகிற தவணைக்குத் தவணை மிஸ் வந்து அதை நீடித்துத் தருவார். அந்த நன்றியில், சவுந்தரநாயகத்தின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு நாலு பிளவுஸ் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

மாசியில் தனுஷியா என்றொரு பிள்ளை கையில் டெப் கம்ப்யூட்டருடன் வந்தாள். வெள்ளவத்தைப் பிள்ளை, நல்ல மரியாதை. இலவச சட்ட உதவியால் சனங்களுக்கு என்ன பயன் கிடைத்தது என்று அளக்கிறார்களாம். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன்.

"அன்ரி, உங்கட வழக்கு மார்கழியில முடிஞ்சதுதானே? முடிவு உங்களுக்குத் திருப்தியோ? ஐஞ்சுக்கு எத்தனை புள்ளி போடுவீங்கள்?"

"முடியேல்லை பிள்ளை. வாற புதன்கிழமை தவணை."

அவள் டெப்பைத் திருப்பிக் காட்டினாள். ஒரு சிங்களக் கடதாசியின் படம். பிரச்சினை இணக்கமாக முடிந்தது, இனி உதவி தேவையில்லை என்று அதில் இருப்பதாக அவள் வாசித்துச் சொன்னாள். கீழே என் கையெழுத்து. மார்கழிக் கடைசியில் சவுந்தரநாயகம் வீட்டுக்கே வந்து, "அடுத்த தவணைக்கு வேணும் அக்கா" என்று வாங்கிப்போன கடதாசி அது.

பிள்ளையை மறுநாள் வரச் சொல்லிவிட்டு அவரைப் போனில் பிடித்தேன். பின்னேரமே வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"அக்கா, இது எல்லா வருஷமும் செய்யிறதுதான். முடியாத ஃபைலுகளை மார்கழியில முடிஞ்சதாக் காட்டுவம். தையில புது நம்பர் போட்டுத் திறப்பம். ஒரு வழக்கு ரெண்டாத் தெரியும், மேலிடத்துக்குச் சந்தோசம். உங்கடதைத் திறக்க மறந்துபோனன்."

"நான் இருக்கிற வீட்டையோ மறந்தனீங்கள்?"

"நாளைக்கே திறக்கிறன். புதன்கிழமை மிஸ் வருவா. நீங்கள் அந்தப் பிள்ளைக்கு மட்டும் பிரச்சினை முடிஞ்சுது, ஐஞ்சுக்கு ஐஞ்சு எண்டு சொல்லிவிடுங்கோ. இல்லாட்டில் என்ர வேலை போயிடும். பிறகு எங்கட ஆக்களுக்கு அங்க ஆர் இருக்கினம்?"

அந்தக் கடைசிக் கேள்வியில் விழுந்தேன். மறுநாள் தனுஷியாவிடம் முடிந்துவிட்டது, ஐந்துக்கு ஐந்து என்றேன்.

"நேற்று முடியேல்லை எண்டீங்களே அன்ரி?"

"எனக்குத்தான் பிள்ளை விளங்கேல்லை."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு டெப்பில் ஐந்தைத் தட்டினாள். எனக்கு நாக்குக் கூசவில்லை. வீடு மிஞ்சுமென்றால் ஐந்தென்ன, ஐம்பதும் சொல்வேன்.

புதன்கிழமை விடியவே புதுக்கடைக்குப் போய் நின்றேன். லோயர் மிஸ் வேறொரு வழக்குக்காக வந்திருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவர் தன் பட்டியலைப் பார்த்தார், என் பெயர் இல்லை. அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டார்.

"பிரஷ்ணே இவரயி கியலா ஓயாம கிவ்வனே, அம்மே" என்றார். பிரச்சினை முடிந்தது என்று நீங்களேதானே சொன்னீர்கள் என்று. கணக்கெடுக்கிற பிள்ளையிடம் வாயால் முடிந்தது என்று சொன்னவரின் ஃபைலைத் திரும்பத் திறக்க முடியாதாம். அதுதான் அலுவலகச் சட்டமாம். மிஸ் நல்ல மனுசி, கண் கலங்கினார். ஆனாலும் ஃபைல் இல்லாமல் எனக்காக எழும்பிப் பேச அவருக்கு அனுமதி இல்லை.

என் பெயரைக் கூப்பிட்டபோது தனியாகத்தான் எழும்பி நின்றேன். வீட்டுக்காரரின் லோயர் என்னவோ மளமளவென்று சொன்னார். நீடிக்கச் சொல்லிக் கேட்க ஆளில்லாமல் தடையுத்தரவு அன்றோடு முடிந்தது. வெளியே வந்ததும் வீட்டுக்காரர், மாதம் முடியமுன் வீட்டைப் பூட்டித் திறப்பைத் தரச் சொன்னார். சத்தம் போடவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போனேன். வாசலிலிருந்த நீட்டு வாங்கில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சவுந்தரநாயகம் அவர்களுக்குக் கடதாசி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஐஞ்சு போட்டால் ஃபைலைத் திறக்கேலாது எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

அவர் என்னை ஓரத்துக்கு இழுத்தார். "தெரியும் அக்கா. மேலிடத்தில கேட்டு எப்பிடியாவது திறக்கலாம் எண்டு நினைச்சனான்."

"கேட்டனீங்களோ?"

அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "மெல்லக் கதையுங்கோ. இது வெளியில போனால் எங்கட ஆக்களுக்குத்தான் கூடாது" என்றார்.

"அந்தச் சிங்களக் கடதாசி என்னை ஒண்டும் செய்யேல்லை தம்பி. நீங்கள் தமிழில சொன்னதாலதான் நான் வீட்டை விட்டனான்."

அழக்கூடாது என்றுதான் வந்தேன், அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கில் முதலாவதாக இருந்தவளிடம் போனேன். இளம் பெண், மடியில் சிங்களக் கடதாசி, கையில் பேனை.

"தங்கச்சி, அதில என்ன எழுதியிருக்கெண்டு தெரிஞ்சவை ஆரிட்டையாவது வாசிப்பிச்சுப்போட்டுக் கையெழுத்து வை. இவர் சொல்லுறதைக் கேட்டு வையாதை."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அழுத முகம், கலைந்த தலை, யாரோ பைத்தியம் என்று நினைத்திருப்பாள். பிறகு சவுந்தரநாயகத்தின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, கையெழுத்து இஞ்சயோ வைக்கிறது?" என்று கேட்டாள்.